லினக்ஸில் படம் வரவழைத்த ஞானபாக்கியம் டீச்சர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் சங்கரலிங்கம் அவர்களே, ராஜபாளையம் வியாபாரப் பெருமக்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து முன்வரிசையில் கண்கலங்கி இருக்கும் டீச்சரின் உறவினர்களே, செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கும் அவருடைய மாணவச் செல்வங்களே! ஆவுடையம்மாள் உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் வேல்சாமியின் அப்பத்தா. அந்தப் பெருமையோடுதான் நிற்கிறேன். எங்கள் சென்டருக்குப் போட்டி யார்? மறைந்த ஞானபாக்கியம் டீச்சர்! போட்டிக்காரியைப் புகழ இவள் எதற்கு என்று நினைப்பீர்கள். டீச்சரைப் பார்த்து என்னளவு பொறாமைப்பட்டவர் இந்தச் சபையில் யார்? அவர் அருமை எனக்குத்தானே தெரியும்!

எண்பதுகளில் ஊருக்கே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர், தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கினார். பின்னாலேயே என் பேரனும் எதிரில் சென்டர் திறந்தான். எங்களிடம் விண்டோஸ். சிடியைப் போட்டால் கார் பறக்கும், துப்பாக்கி வெடிக்கும். டீச்சரிடம் லினக்ஸ். அதுவும் கம்ப்யூட்டரை ஓட்டுவதுதான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சிடியாக இலவசமாக வந்தது. ஆனால் கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்து. படம் வேண்டுமானால் உள்ளே படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு எது, மானிட்டர் எவ்வளவு தாங்கும் என்று நாமே எண்களாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அப்படியிருந்தும் பிள்ளைகள் எங்கே போனார்கள்? எங்கள் வாசலைத் தாண்டி அங்கேதான் போனார்கள்!

பொறுக்குமா எனக்கு? ஒரு நாள் நேரே போய்விட்டேன்.

"வா ஆவுடை, வேவு பாக்க வந்தியா?"

"சும்மாதான் வந்தேன் டீச்சர்."

"சும்மா நிக்காத. இந்தச் சுவிட்சுல கைய வை. மானிட்டர் விசில் அடிச்சா ஒடனே அமத்திரணும். இல்லேன்னா பொசுங்கிப் போயிரும்."

அதுதான் அங்கே முறை. பழைய மானிட்டர், எந்த எண் அதற்குப் பொருந்தும் என்று எவருக்கும் தெரியாது. ஊகித்து எழுதுவார்கள். ஒருவர் கை எப்போதும் சுவிட்சில் இருக்கும். அன்று என் கை! விசில் அடித்தது, அமர்த்தினேன். எண்ணை மாற்றினார்கள். மறுபடியும் அமர்த்தினேன்.

"ஏ ஆச்சி, விசில் அடிக்கவே இல்ல. அதுக்குள்ள அமத்திட்டீகளே!" என்று மாணவன் பால்சாமி என்னை அதட்டினான்.

கடைசியில் திரை விழித்தது. முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் சின்னப் பெருக்கல் குறி. அம்புட்டுத்தான்! எழுத்துக்குப் பதில் படம் வந்துவிட்டதாம், அதற்கா பிள்ளைகளுக்கு அப்படியொரு கூச்சல்! எங்கள் சென்டரில் அத்தனை கலர் காட்டியும் ஒரு பிள்ளையாவது இப்படிக் கத்தியிருக்கிறதா? வயிறு எரிந்தது எனக்கு. நானும் சேர்ந்து கத்தியது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

போன வருடம் எங்களிடம் இருப்பதைப் போலவே புது கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மதுரையிலிருந்து வாங்கி வந்தார். லினக்ஸில் படம் வந்தது. சண்டை விளையாட்டு மட்டும் ஓடவில்லை, நொண்டியது. விடுவேனா?

"டீச்சர், எங்ககிட்ட இதே கார்டு பந்தயக் குருதையாட்டம் ஓடுது!"

சிரித்தார். "ஒங்க விண்டோஸுக்குக் கார்டு செஞ்ச கம்பெனிக்காரனே அத ஓட்டுற புரோகிராம எழுதிக் குடுக்கான் ஆவுடை. லினக்ஸுக்கு அவன் எழுதித் தரல. ஒலகத்துல எங்கனயாவது ஒருத்தன் ஒக்காந்து எழுதிக்கிட்டுத்தான் இருப்பான். வரட்டும்."

அது வரவில்லை. அதற்குள் மாரடைப்பு வந்துவிட்டதே!

"இனிப் பிள்ளைகள் எல்லாம் ஒங்களுக்குத்தான்" என்று துக்க வீட்டிலேயே ஒருவர் என் காதில் சொன்னார். இனித்ததா? போக்கிடம் இல்லாமல் வருகிற கூட்டம் எனக்கு எதற்கு? நேற்றுப் பால்சாமியிடம் கேட்டேன்: "ஏலே, எங்க சென்டருக்கு வாரியா?"

"அங்க வந்து என்ன செய்ய ஆச்சி? அங்கதான் எல்லாம் தானாவே ஓடுதே!"

இந்தப் பதிலைச் சொல்லப் பழக்கியவர்தான் ஞானபாக்கியம் டீச்சர்! இதைவிடப் பெரிய ஆசிரியப் பணி உண்டா?

ஆகவே சபையறியச் சொல்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரை எங்களுக்குத் தர டீச்சரின் தம்பி ரத்தினம் இசைந்திருக்கிறார். அது எங்கள் சென்டரின் முதல் மேசையில் இருக்கும். வேல்சாமி, கேட்டுக்கோ, அதுல விண்டோஸ் ஏத்துன, அப்பத்தா சும்மா இருக்க மாட்டேன்! மாதாமாதம் அந்தப் பத்திரிகையோடு புது லினக்ஸ் சிடி வரும். அந்தக் கார்டு ஓடுகிறவரை பிள்ளைகள் பிரிக்கட்டும், மாற்றட்டும், அதட்டுகிறவர் கிடையாது. சென்டர் பெயர்ப் பலகையில் டீச்சர் பெயரைப் பெரிதாகவே எழுதிக்கொள்ளுங்கள், சம்மதம். ஆனால் லினக்ஸில் அந்தச் சண்டை விளையாட்டு ஓடுவது எங்கள் கூரைக்குக் கீழேதான் நடக்க வேண்டும். டீச்சர், இந்த ஒன்றிலாவது நான் உங்களை ஜெயித்துக்கொள்கிறேன்!