உள்வரும் அழைப்பு

எங்கள் கணினியை மட்டும் குறை சொல்லாதீர்கள், ஐயா. அது நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. விசாரணைக்கு வந்த நீங்கள் இதைக் கைத்தவறு என்று எழுதி முடிக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் தொலைபேசிக் கம்பனியின் கண்டிக் கிளையில் ஓடர் போடும் இந்த யோகேந்திரனுக்குக் கைத்தவறு வருவதில்லை.

முதலில் வேலையைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அது எங்களுக்கு ஓர் ஓடர். அவருடைய ஒவ்வொரு வசதிக்கும் அதில் ஒரு வரி இருக்கும். வெளியே பேசுவது ஒரு வரி, உள்வரும் அழைப்பு இன்னொரு வரி. சேர், மாற்று, நீக்கு, இருந்தபடியே விடு என்று ஒவ்வொரு வரிக்கும் ஒன்றைக் குறிக்க வேண்டும். தொடக்கூடாத வரிக்கும் 'இருந்தபடியே விடு' என்று போட்டே ஆகவேண்டும். புதிதாக வந்த பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

கட்டுகஸ்தோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஷிராஸ் முதலாளி, கடை ஃபோனுக்கு ஃபெக்ஸ் வசதி கேட்டிருந்தார். அவரிடம் வேலை செய்தவன் சிவமணி, ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பெடியன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று என் மகள் இரஞ்சிதம் ஒற்றைக்காலில் நின்றாள். பெடியன் மரியாதையானவன், அதை நான் மறுக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அதைச் சொல்லியே பிரித்திருப்பேன். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தும் கண்டியை விட்டு ஓடாத யாழ்ப்பாணக் குடும்பம் எங்களுடையது. தோட்டக் கூலிகளின் லயத்தில் சம்பந்தம் செய்வதற்கா நின்று பிடித்தோம்?

அன்று காலையில் சுற்றிவளைப்பு; தெருவில் கண்ட தமிழ்ப் பெடியன்களையெல்லாம் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. இரஞ்சிதம் அழுதுகொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, சிவமணியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். கடை நம்பரைக் குடுத்திருக்கிறாராம். பொலிஸ் அங்க ஃபோன் எடுக்கேக்க, என்ர ஆள்தான் எண்டு முதலாளி சொன்னா விட்டிடுவினமாம். நான் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்லட்டே?"

"நீ வீட்ட போ பிள்ளை. ரோட்டில திரியாத. முதலாளிக்கு நான் சொல்லுறன்."

என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குள் சண்டை வந்த பிறகு அவள் என்னைத் தொட்டது அன்றுதான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அவள் போனதும் ஷிராஸ் முதலாளியின் ஓடரைத் திறந்தேன். ஃபெக்ஸ்: சேர். வெளியே பேசுவது: இருந்தபடியே விடு. உள்வரும் அழைப்பு: நீக்கு.

முழு இணைப்பையும் வெட்டியிருந்தால் முதலாளி உடனே முறைப்பாடு செய்திருப்பார். இப்படியென்றால் அவர் தன் பாட்டுக்கு ஊரெல்லாம் அழைத்து வியாபாரம் பேசுவார். ஃபோன் அடிக்கவில்லை என்றால் யாரும் அழைக்கவில்லை என்றுதானே எவரும் நினைப்பார்கள். வேலைக்கு வராதவன் தோட்டத்துக்குப் போயிருப்பான் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். நான் மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

யாரும் பொறுப்பேற்காதவர்களை மாலையில் லொறியில் ஏற்றினார்கள். மறுநாள் விஷயம் தெரிந்து முதலாளி பொலிஸுக்கு ஓடினார். அனுப்பிவிட்டோம் என்றார்கள். அனுப்பிய இடத்திலோ அப்படி ஒருவன் வரவே இல்லை என்றார்கள். அவனுடைய தகப்பன் வீரையா இன்னும் படத்தைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலைகிறார்.

ஆகவே கைத்தவறு என்று எழுதாதீர்கள். தெரிந்துதான் செய்தேன். அதே காலை திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வேன். பெண்ணைப் பெற்றவன் சும்மா இருக்க முடியாது.

முதலாளிக்கு நான் சொல்லவில்லை என்று அறிந்த நாளிலிருந்து இரஞ்சிதம் என்னோடு பேசுவதில்லை. தினமும் அந்தக் கடைக்குப் போய் ஃபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். காலம் போகச் சரியாகிவிடுவாள். மறுநாளே 'சேர்' என்று போட்டு அந்த வரியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஐயா. இனியும் அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை என்றால், அது என் குற்றமில்லை.