மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கறை

— சுத்தி வளைக்காதீங்க, சாமி. அவரைக் கொளுத்திடுவாங்க, அதானே?

— அப்படிப் பச்சையா எழுதலை, வே. "தவறு நிலைத்தால் தண்டனையும் நிலைக்கும்"னு எழுதியிருக்கு. பாரிஸ்காரன் எதையும் பட்டுத் துணியில சுத்தித்தான் குடுப்பான். ஒதோன் வாத்தியாரை நாலு மாசமா இருட்டறையில போட்டிருக்கானுவ. பெந்தெகொஸ்தே அன்னைக்குத் தீர்ப்பு.

— எல்லாம் நாம லத்தீன்ல கொண்டுவந்த மூணாம் அத்தியாயத்துக்காகவா?

— முழு அத்தியாயத்துக்கும் இல்லை. நாலே நாலு வரி. அதை அவரு பள்ளிக்கூடத்துல பாடமா சொல்லியிருக்காரு. பையனுவ தெருவுல நின்னு சொல்ல ஆரம்பிச்சிட்டானுவ. அப்புறம் விடுவானுவளா?

— சாமியோவ்! தோன் மெலெந்தோ சாமி! பதில் கடுதாசி ஆச்சா? கீழ கழுதைங்க மூட்டையோட நிக்குதுங்க!

— கத்தாதே, பெலாயோ! மதிய மணி அடிக்கட்டும், தாறேன்!

— மணி அடிக்கிறப்போ நான் பாலம் தாண்டியிருக்கணும், சாமி! மலைவழியில இன்னும் பனி கெடக்கு. இது பெந்தெகொஸ்தேவுக்குள்ள பாரிஸ் போவணும்னா என் கழுதைக்கு ரெக்கைதான் மொளைக்கணும்!

— கேட்டீரா, கல்ஃபூன்? நேரம் இல்லை. ஒதோன் கேட்டிருக்கது ஒண்ணே ஒண்ணு. அரபி மூலத்துல அந்த வரி அப்படியேதான் இருக்கா? இருந்தா அது ஒரு பெரிய மனுஷன் யோசிச்சு எழுதின வார்த்தை, உயிர் போனாலும் வாபஸ் வாங்க மாட்டேன்னுட்டாரு. நம்ம கைப்பிசகுன்னா, நல்ல மனசோட வாபஸ் வாங்கிக்கிடுதேன்னுட்டாரு. ஆமாவா, இல்லையா? அவ்வளவுதான்.

— ஆமான்னு எழுதினா சாவாரு.

— இல்லைன்னா பிழைப்பாரு.

— பிழைப்பாரு. அப்புறம் புஸ்தகம் என்னாகும், சாமி? அதைச் சொல்லாம முழுங்கறீங்களே.

— முழுங்கலை. கடுதாசி அடியில பிஷப்போட எழுத்தன் ஒரு ஒட்டுக்குறிப்பு வச்சிருக்கான். "வாசித்தவன் ஓரிடத்தில் பிசகினான் என்றால் எட்டு அத்தியாயத்தில் எதையும் நம்புவதற்கில்லை. எல்லாவற்றையும் எரிக்க வேண்டியதுதான்."

— எங்க ஊரு குர்துபாவுல எரிச்சாங்க. இப்ப பாரிஸ்லயும்.

— முதல்ல உம்ம ஆளுவ, இப்ப எங்க ஆளுவ. இந்த ஒரு காரியத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை.

— சிரிப்பு வரலை, சாமி. சந்தைத் திடல்ல மூட்டை மூட்டையா கொட்டி எரிச்சாங்க. எங்க ஆசான் எழுதினதுல மிஞ்சினது இது ஒண்ணு. இதையும் என் மவ ரைஹானா தன் மெத்தைக்குள்ள வச்சுத் தைச்சா. இந்த ஊர் வர்ற வழி முச்சூடும் அது மேலதான் படுத்துக்கிட்டு வந்தா. ஒரு சிப்பாய் மெத்தையை ஈட்டியால குத்த வந்தான். "குத்துங்க அண்ணே, விஷக்காய்ச்சல்காரி படுத்த மெத்தை"ன்னா. திரும்பிப் பாக்காம ஓடினான்.

— நூறு தரம் சொல்லியிருக்கீரு.

— நூத்தியோராம் தரமும் சொல்லுவேன்.

— சொல்லும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? ஆனா அதுக்கு முன்னால புஸ்தகத்தைத் திறந்து பாரும். அன்னைக்குக் கண்ணு தவறி வேற வரிக்குப் போயிருக்கலாம்லா?

— தவறலை.

— திறக்காமலே சொல்லுதீரே!

— என் கண்ணு எனக்குத் தெரியும், சாமி.

— உமக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? நம்ம வேலை என்ன வேலை? நீரு அரபியைப் பாத்து ஊர்ப்பேச்சுல சொல்லுதீரு, நான் கேட்டு லத்தீன்ல எழுதுதேன். எனக்கு அரபி ஒரு எழுத்து தெரியாது, உமக்கு லத்தீன் ஒரு எழுத்து தெரியாது. நடுவுல இருக்கது உம்ம வாய் ஒண்ணுதான்.

— அந்த வாய்க்குத்தானே முதல் நாள் குர்ஆன் மேல சத்தியம் வாங்கினீங்க. நீங்க பைபிள் மேல பண்ணினீங்க. கண்டதைச் சொல்றது, கேட்டதை எழுதறது. இன்னமும் சந்தேகம்னா தெருமுனையில தோல்கடை ஜரீரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க.

— அது முறையில்லைன்னு தெரிஞ்சுதானே சொல்லுதீரு? ரெண்டாவது ஆளைக் கூப்பிட்டா அந்த மேசைக் கூட்டு அன்னைக்கோட கலைஞ்சுது. இந்தத் தொலேதோ ஊர்ல அப்புறம் உமக்கு எவனும் வாசிக்க ஏடு தரமாட்டான்.

— அதனாலதான் சொல்றேன். மேசையைக் கலைக்கணும்னா கலைங்க.

— கோவப்படாதேயும், வே. சரி, நேராவே கேக்கேன். ஒரு பொய் சொல்லும்.

— சாமி!

— ஆமா, சாமிதான் கேக்கேன். "மூலத்துல அப்படி இல்லை, வாய் தவறிட்டுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லும். நான் எழுதிக்கிடுதேன். பாவம் எனக்கு வரட்டும். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.

— எட்டு அத்தியாயம், சாமி.

— ஒரு மனுஷன்வே! சதையும் ரத்தமுமா ஒரு மனுஷன்!

— அவர் முகத்தை நான் பாத்ததில்லை. என் மவ முகத்தைப் பாத்திருக்கேன். அவ எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு மெத்தை, அதுக்குள்ள ஒரு புஸ்தகம். மெத்தையை ஏழைக்குக் குடுத்துட்டேன். இதையும் உங்க பிஷப் அடுப்புக்குக் குடுக்கவா?

— சாமியோவ்! மணி அடிக்கப் போவுது! எழுதறீங்களா, இல்ல எழுத்துப் படிக்கறீங்களா?

— இருடா, வந்துட்டேன்! ... இதோ பாரும் கல்ஃபூன், அந்த நாலு வரி இருக்க ஏடு. நல்ல கன்னுக்குட்டித் தோல், எங்கிட்ட இருந்ததுலயே நல்லது. அதுல பெருவிரலை வச்சு இந்தக் கறையை வேற பண்ணி வச்சிருக்கீரு. பாரிஸுக்குப் போனது நகல்ங்கிறதால மானம் பிழைச்சுது.

— தெரியும்.

— இதை எழுதின அன்னைக்குக் கை நிறைய மண்ணோட வந்து நின்னீரே! "என்னவே, தோட்டவேலைக்குப் போயிட்டீரா"ன்னு ஏசினேன். "வழியில விழுந்துட்டேன், சாமி"ன்னீரு. கத்தியால சுரண்டியும் போகலை, எலுமிச்சம்பழம் தேச்சும் போகலை.

— அதை விடுங்க, சாமி.

— விட்டாச்சு. வரியைக் கேளும். "அறிவு ஒன்றே, அது எல்லார்க்கும் பொது. மனிதன் மாண்டபின் அறிவு நிற்கும், மாண்டவன் நிற்பதில்லை. அவனைப் பெயர் சொல்லி அழைத்தால் ஏன் என்று கேட்க அங்கே எவரும் இல்லை." நான் மூணு வருஷமா உம்ம ஆசானோட குடித்தனம் பண்ணுதேன், வே. மனுஷன் மரம் அறுக்க மாதிரி வாதம் பண்ணுவாரு. ஒரு இடத்துல கண்ணு கலங்கினது கிடையாது. இங்க மட்டும் யாரையோ கூப்பிட்டுட்டு வாசல்ல நிக்காரு. எழுதும்போதே நினைச்சேன்.

— அவரும் மனுஷன்தானே.

— அதைத்தான் நானும் நினைச்சேன். அதனாலதான் நம்பிட்டேன்.

— நம்பிட்டீங்களா? நீங்களா?

— எந்தங்கச்சி எல்விரா செத்து வாற மாசம் ஒரு வருஷம். அவளுக்காக மனசார ஒரு பூசை வைக்க இன்னும் என்னால முடியலை, கல்ஃபூன்.

— நீங்க தினம் வைக்கறீங்களே. மணி கேக்குதே எனக்கு.

— மணி அடிக்கும். வாய் சொல்லும். செத்தவங்க பேரு சொல்ற இடம் ஒண்ணு வரும். "எல்விரா"ன்னு சொல்லுவேன். உடனே இந்த வரி குறுக்க வந்து நிக்கும். ஏன்னு கேக்க அங்க ஆள் இல்லை. அப்புறம் எதுக்குச் சொல்லணும்? காத்துக்கா? அவ என்னைத் தூக்கிச் சுமந்தவவே. தங்கச்சின்னு பேருதான், ஆறு வயசுலயே எனக்கு ஆத்தா மாதிரி நடந்துக்கிட்டவ. பேரைக் கூப்பிட்டா அவ திரும்பிப் பாக்க மாட்டான்னு இந்தக் கையால நானே எழுதியிருக்கேன்.

— அவ உங்களைத் தூக்கினாளா? தங்கச்சின்னீங்க.

— சின்னவதான். மாட்டுக்கொட்டில்ல நான் கால் ஒடிஞ்சு கிடந்தப்போ தூக்கினா. அழுதுக்கிட்டே தூக்கினா. விடும், அது இப்ப எதுக்கு?

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, சாமி.

— யார்கிட்டச் சொல்ல? பிஷப்கிட்டயா? அடுத்த இருட்டறை எனக்கு. உம்மகிட்டச் சொன்னா "ஆசான் சொன்னா சரியாத்தான் இருக்கும்"பீரு.

— ஒரு வரிக்காகவா இவ்வளவும்? ஒரே ஒரு வரி...

— ஒரு வரியா? முதல் ரெண்டு அத்தியாயத்துல உம்ம ஆசான் சொன்னதை எல்லாம் ராவும் பகலும் உரசிப் பாத்தேன்யா. ஒண்ணு கூடப் பொய் இல்லை. அப்பேர்ப்பட்ட ஆளு மூணாவதுல இதைச் சொன்னா நான் எப்படி நம்பாம இருக்க? ஒதோனும் அப்படித்தானே நம்பிட்டு உக்காந்திருக்காரு? ... ஓய். தண்ணி குடிக்கீரா? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே.

— தண்ணி வேணாம்.

— உம்மையும் நான் கேக்காம இருந்திருக்கக் கூடாது. மவ செத்ததையே எட்டு நாள் கழிச்சுத்தான் சொன்னீரு. அந்த எட்டு நாளும் வேலைக்கு வந்திருக்கீரு, ஒரு நாள் தவறலை. உம்ம மாதிரி நெஞ்சுரம் எனக்கு இல்லைவே.

— சாமியோவ்! மணியடிக்கிறவன் கோபுரத்துல ஏறிட்டான்! நான் கெளம்பறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது!

— அவனை நிக்கச் சொல்லுங்க, சாமி.

— பெலாயோ! நில்லு! ... என்ன வே?

— தூவலை எடுங்க. எழுதுங்க. "அந்த நாலு வரி மூலத்தில் இல்லை. பிழை வாசித்தவனுடையது. லத்தீனில் எழுதியவருக்கு அதில் பங்கில்லை. குர்துபாக்காரன் கல்ஃபூனாகிய நான் என் வாயால் சொன்னது."

— கல்ஃபூன்... நிசமாவா? ஆண்டவர் உம்மை ஆசீர்வதிக்கட்டும். இது பொய்யே இல்லை, ஒரு உசிரைக் காப்பாத்துத வார்த்தை...

— எழுதுங்க, சாமி. அவன் கீழ நிக்கறான்.

— எழுதிட்டேன். முத்திரையும் வச்சாச்சு. பெலாயோ! இந்தா பிடி! பத்திரம்டா, ஆத்துல கீத்துல போட்டுராதே!

— போன தடவை போட்டது கழுதை, சாமி, நான் இல்ல! வாறேன்!

— போயிட்டான். எட்டு அத்தியாயமும் எரியும், கல்ஃபூன். தெரியும்லா?

— தெரியும்.

— பின்னே இப்ப எதுக்குப் புஸ்தகத்தைத் திறக்கீரு?

— உங்களுக்கு ஒண்ணு வாசிக்கணும். எழுத வேணாம், கேட்டா போதும். "மாண்டவன் அவனாகவே நிற்கிறானா என்னும் இடத்துக்கு என் அறிவு எட்டவில்லை. எட்டாததை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. நம்புகிறவனிடமிருந்து அதைப் பிடுங்க மாட்டேன்."

— நல்லா இருக்கு. அவரு பேச்சு மாதிரியே கட்டியிருக்கீரு. எனக்காகவா?

— கட்டலை, சாமி. இதோ, என் விரல் இருக்கிற இடம். ஜரீரைக் கூப்பிடுங்க, அவன் வாசிக்கட்டும். மேசை கலைஞ்சா கலையட்டும்.

— இது எந்த அத்தியாயம்?

— மூணு.

— மூணா? மூணுல அவரு வேற சொன்னாருல்லா? பேர் சொல்லி அழைச்சா ஏன்னு கேக்க ஆளில்லைன்னு... கல்ஃபூன். நிமிர்ந்து என்னைப் பாரும். அதைச் சொன்னது யாரு?

— அன்னைக்கு நான் வழியில விழலை, சாமி. ரைஹானாவைக் குழியில வச்சு, மூணு கை மண்ணு போட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துட்டு, கையைக்கூடக் கழுவாம நேரா இந்த மேசைக்குத்தான் வந்தேன்.