ஐம்பத்தைந்து மதிப்பெண் வாங்கிய இடக்கை

இந்தக் குளிர்கால விருந்துக்குத் தலைமை தாங்கி நடத்தும் அன்புக்குரிய ஜோர்ஜீன் பாலிக் அம்மையார் அவர்களே! ஏப்ரல் மாதக் காற்றில் இரும்புப் பலகையில் உட்கார்ந்து, விரல் விறைத்தாலும் பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானியைக் கீழே வைக்காத, பேஸ்பால் அணிகளுக்காக ஆள் பார்க்கும் ஆன்றோர்களே! அவர்கள் வீட்டுக்கு வராத வசந்த காலமெல்லாம் வீட்டைத் தனியாகச் சுமந்த துணைவியரே, துணைவர்களே! பிள்ளை பந்து வீசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் தாய்மார்களே! யாருமே வணக்கம் சொல்லாத நடுவர்களே, உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்! அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

பின்மேசையில் யாரோ, "சீக்கிரம் முடிங்கம்மா, சில்லிக் குழம்பு ஆறுது!" என்கிறார். ஐயா, முப்பது ஆண்டுகள் கணக்கு வகுப்பு எடுத்தவள் நான். மதிய உணவு மணி அடித்த பிறகும் பின்னங்களை முடிக்காமல் ஒருவரையும் வெளியே விட்டதில்லை. உங்களையும் விடமாட்டேன்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில், பெரிய அணிகள் எல்லாம் வரிசையில் நின்று, முறைக்கு ஒருவராக இளம் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. டிராஃப்ட் என்று அதற்கு ஒரு சின்னஞ்சிறு சொல் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சின்னஞ்சிறு சொல்லுக்குள் எத்தனை வீடுகள் விழித்திருக்கின்றன! எத்தனை தொலைபேசிகளை எத்தனை கண்கள் வெறித்துக்கொண்டிருக்கின்றன! யாரை எடுப்பது, யாரை விடுவது? விட்டவன் வேறு அணியில் விண்ணைத் தொட்டால் என்ன செய்வது? எடுத்தவன் எழாமலே போனால் யார் பதில் சொல்வது? இந்தக் கேள்விகளோடு ஒரு மனிதர் என் பக்கத்தில் படுத்துப் புரண்டதைப் பல வசந்தங்களாகப் பார்த்தவள் நான். அந்த மனிதர், என் கணவர், ஹெரான்ஸ் அணிக்காக நம் நெப்ராஸ்காவில் ஆள் பார்க்கும் டெல்மர் ரீமர், இதோ முன்மேசையில் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருக்கிறார். "என்னை விட்டுடு" என்று கை காட்டுகிறார். விடமாட்டேன், டெல்மர்!

நண்பர்களே, ஆள் பார்ப்பவர்களின் மதிப்பெண் முறை இருபதில் தொடங்கி எண்பதில் முடிகிறது. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை, ஏன் நூறில் முடியவில்லை? கணக்கு ஆசிரியை கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். ஒருவரும் பதில் சொன்னதில்லை. அதில் ஐம்பது என்றால், பெரிய அரங்கங்களில் சம்பளம் வாங்கி ஆடும் நடுத்தரமான ஆட்டக்காரன். பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்கு ஐம்பத்தைந்து போட்டால், அது நெற்றியில் முத்தமிடுவது போல.

ஆனால் நான் பாடம் எடுத்த ஹோலப்வில் உயர்நிலைப் பள்ளியில்? அங்கே அறுபதுக்குக் கீழே போனால் தோல்வி!

சென்ற வசந்தத்தில் ஹோலப்வில்லில் கோல்பி வானெக் என்று ஓர் இடக்கைப் பந்துவீச்சாளன் இருந்தான். அடக்கமான பிள்ளை, அழகான வீச்சு. அவன் தாய் டார்லா, பள்ளி அலுவலகத்தில் வேலை. ஒரு நாள் டெல்மர் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். சூடான கொலாச்சி ரொட்டியை, அதுவும் ஆப்ரிகாட் பழம் வைத்ததை, தட்டில் வைத்துவிட்டு அவள் கேட்டிருக்கிறாள்:

"மிஸ்டர் ரீமர், கேக்கக் கூடாதுதான். ஆனா மனசு கேக்கல. எங்க பையனுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

ஆள் பார்ப்பவர்கள் சொல்லக் கூடாது. ஆனால் ஆப்ரிகாட் கொலாச்சி வாயில் இருக்கும்போது எந்த விதி நினைவில் நிற்கும்?

"வெளிய சொல்லாதீங்க. ஐம்பத்தஞ்சு!"

பரிசு கொடுத்த பெருமையோடு டெல்மர் காரில் ஏறினார். அந்தத் தாய் மூன்றாவது கொலாச்சியைக் கொடுக்க மறந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன். டார்லாவின் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். "சொல்லுங்க டீச்சர், ஆனா நான் அழுததை மட்டும் சொல்லாதீங்க" என்றாள். ஆகவே, அவள் அழவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம். ஹெரான்ஸ் அணியில் முடிவெடுக்கும் தலைவர் கிளிஃபோர்ட் மேஸ் நேரில் வந்திருந்தார். வேறு அணிகளின் ஆட்களும் வந்திருந்தார்கள். நான் தாய்மார்களோடு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன். கோல்பி கையை உயர்த்தினான். ஒரே நேரத்தில் வேகமானிகள் எல்லாம் உயர்ந்தன. பந்து பறந்தது. ஒருவர் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார். மணிக்குத் தொண்ணூற்றொரு மைலில் வீசும் பையன் தொண்ணூற்றேழில் வீசியிருந்தான்! மறுபடியும் வீசினான். மறுபடியும் தொண்ணூற்றேழு. வளைத்து வீசவில்லை, நிதானித்து வீசவில்லை. வேகம், வேகம், வேகம் மட்டுமே! ஆண்கள் எல்லாம் அலைபேசியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

டார்லா மட்டும் என் கையை நெரித்தாள்.

"இப்பவாவது பாஸ் ஆயிடுவானா, டீச்சர்?"

"எதுல பாஸ்?"

"ஐம்பத்தஞ்சுதானே வாங்கியிருக்கான். ஃபெயில் மார்க் வாங்குனவனை எவன் எடுப்பான்? 'இன்னைக்கு ஒரு பந்தைக்கூட மெதுவா போடாதடா'ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

என் சிரிப்பு பாதியிலேயே உறைந்தது. "அடி பைத்தியமே! எண்பதுக்கு ஐம்பத்தஞ்சு! அது பாஸ் இல்லடி, அது பரிசு!"

அவள் முகத்தில் ஒரு நொடி மகிழ்ச்சி வந்தது. அடுத்த நொடி முகம் வெளிறியது. மைதானத்தைப் பார்த்தாள். அங்கே கோல்பி, வீச்சுக்கு வீச்சு, இடக்கையை உதறிக்கொண்டிருந்தான். தாய்மார்களே, பிள்ளை கையை உதறுவதற்குப் பொருள் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? போர்வை ஒரு பக்கம், காபி ஒரு பக்கம் என்று எறிந்துவிட்டு வேலிக்கு ஓடினாள்.

"கோச்! அவனை வெளிய எடுங்க!"

"என்ன டார்லா, நல்லாதானே போடுறான்?"

"அதான் சொல்றேன், எடுங்க!"

எடுத்தார்கள். கோல்பி தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க முயன்றான், முடியவில்லை. "ஒண்ணுமில்லம்மா, விரல் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்றான். ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் சொல்லும்போதுதானே நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம்!

மருத்துவர் பார்த்தார். முழங்கையில் வீக்கம், ஓய்வு தேவை, உள்ளே கிழிந்திருக்கிறதா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார். டார்லா அதை எல்லா அணிகளுக்கும் அனுப்பிவைத்தாள். ஆனால் தொண்ணூற்றேழைப் பார்த்த கண்களுக்கு வீக்கம் தெரியுமா? "வளர்ற வயசு, சரியாயிடும்" என்றார்கள். டார்லா சொன்னதையெல்லாம் டெல்மரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஒரு நாள் காரில் கேட்டேன்:

"ஏன் டெல்மர், அந்த வேகம் எப்படி வந்துச்சுன்னு மேஸ்கிட்ட சொல்லுவியா?"

"சொன்னா அவன் முதல் சுத்துல எடுக்க மாட்டான். அந்த ஊரே அவன் பேரைக் கேக்க வாசல்ல நின்னுட்டிருக்கு."

"சொல்லலைன்னா?"

"எடுப்பான். எடுத்துட்டு தினமும் தொண்ணூத்தேழு கேப்பான். அது பையன்கிட்ட கிடையாது. கையை ஒடிச்சித்தான் குடுக்கணும்."



ஜூலை வந்தது. டிராஃப்ட் நாள் மாலை. எங்கள் சமையலறை மேசையில் தொலைபேசி. அதன் பக்கத்தில் சோளக்கதிர்கள். நான் உரித்த கதிரையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன். மேஸின் குரல் ஒலித்தது.

"டெல்மர், இன்னும் ரெண்டு அணி, அப்புறம் நாம. மேசையில ரெண்டு பேர். மல்டூன், டெக்சாஸ் கல்லூரிப் பையன். கைக்கு வந்த பந்தை விட மாட்டான், ஆனா பாக்கறவனுக்குத் தூக்கம் வரும். இன்னொண்ணு உன் வானெக். கண்ணை மூடிட்டு வானெக்கை எடுத்துடலாமா?"

டெல்மர் ஒரு கதிரை எடுத்து உரிக்கத் தொடங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"யோவ் டெல்மர், இருக்கியா? ஒரு அணிதான் பாக்கி!"

"கண்ணைத் திறந்துட்டு எடுங்க மேஸ். அந்த வெள்ளிக்கிழமை வேகம் அவனோடது இல்ல. நான் அவங்க அம்மாகிட்ட ஐம்பத்தஞ்சுன்னு சொன்னேன். அவங்க பையன் ஃபெயிலாயிட்டான்னு நினைச்சுட்டாங்க. அந்தப் பயத்துலதான் அப்படிப் போட்டான்."

மறுமுனையில் ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"விளையாடுறியா? நம்ம முறை வந்துடுச்சு!"

"விளையாடல. அவன் தொண்ணூத்தொண்ணு போடுறவன். பந்து போற இடம் அவனுக்குத் தெரியும். அதுக்காக எடுக்கறதுன்னா எடுங்க. தொண்ணூத்தேழுக்காகன்னா, வேண்டாம்."

அடுத்துத் தொலைபேசி வழியே கேட்ட அறிவிப்பாளரின் குரல் எங்களுக்காக அல்ல, உலகத்துக்காக ஒலித்தது. ஹெரான்ஸ் அணி, டெக்சாஸின் மல்டூனைத் தேர்ந்தெடுக்கிறது! டெல்மர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சற்று நேரத்தில் அது மறுபடி அதிர்ந்தது, நான் எடுத்தேன்.

"டீச்சர், யாருமே கூப்பிடலையே" என்றாள் டார்லா.

"டிராஃப்ட் நாளைக்கும் இருக்குடி" என்றேன். முதல் நாள் முடிந்தது, கோல்பியின் பெயர் எங்கும் ஒலிக்கவில்லை. "நான் வாயைத் தொறக்காம இருந்திருக்கலாமோ?" என்று டெல்மர் கேட்டார். நான் கதிர்களை அடுப்பில் வைத்தேன்.

மறுநாள் மதியம் மேஸ் அழைத்தார்.

"டெல்மர், ராத்திரி பூரா உன் தொண்ணூத்தொண்ணு என் காதுல ஓடுச்சு. அந்தப் பையனோட வேற எல்லா ஆட்டத்தையும் வீடியோவுல உக்காந்து பாத்தேன். நல்லாத்தான் போடுறான். இந்தச் சுத்துல அவனைத்தான் எடுக்கப்போறேன். அவனைக் கேளு, வருவானா?"

டெல்மர் கோல்பியை அழைத்தார். செய்தியைக் கேட்டதும் அந்தப் பக்கம் டார்லா கத்துவது எங்களுக்கே கேட்டது. ஆனால் கோல்பி கத்தவில்லை. தயங்கித் தயங்கி ஒன்றே ஒன்று கேட்டான்.

"மிஸ்டர் ரீமர், அங்க வந்தா நான் எவ்வளவு வேகமா போடணும்?"

என் நண்பர்களே! கூடியிருக்கும் குடும்பங்களே! பெரிய அணி ஒன்று தன்னைப் பெயர் சொல்லி அழைத்த நாளில், ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் வந்த எண்ணம் மகிழ்ச்சியா? பெருமையா? அச்சமல்லவா! அந்த அச்சத்தை யார் வைத்தது? தாயா? அணியா? எண்ணா? எண்ணைச் சொல்லிவிட்டு அதன் பொருளைச் சொல்லாமல் காரேறிப் போன நம் அவசரமா?

இந்த ஆண்டும் வசந்தம் வரும். நீங்களும் இரும்புப் பலகையில் உட்காருவீர்கள். எங்கோ ஒரு பையன் திடீரென்று எல்லோரையும் எழுந்து நிற்க வைப்பான். அன்று உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். எழுந்து நில்லுங்கள், வியந்து போங்கள், ஆனால் தலைவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவன் தாயிடம் போய் உட்காருங்கள். இந்த வேகம் இவனுடையதா, இவன் பயத்தினுடையதா என்று கேளுங்கள். கேட்காமல் எடுத்தால், நீங்கள் அழைத்துப் போவது அந்தப் பயத்தைத்தான். பயம் எத்தனை பருவம் பந்து வீசும்?

ஹெரான்ஸ் அணியில் சேர்ந்த பிறகு கோல்பி இன்னும் ஒரு பந்துகூட வீசவில்லை. மேஸ் காத்திருக்கிறார். மருத்துவர் "பார்ப்போம்" என்கிறார். அந்தக் கை தேறுமா? எனக்குத் தெரியாது. டெல்மருக்கும் தெரியாது. ஆனால் அன்று அந்தப் பிள்ளைக்கு டெல்மர் சொன்ன பதில் மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அமர்கிறேன்.

"இந்த வருஷமா? நீ ஒண்ணும் போட வேண்டாம்டா. சும்மா வந்து சேரு, போதும்."

ஆறிய சில்லியையும் பொறுத்து, இந்தப் பழைய ஆசிரியைக்குச் செவி கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!