ஏழு சாயங்காலம்

— என் கையை விடுங்கம்மா. நான் இன்னும் மருந்தையே கலக்கல.

— கலக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். குப்பியில என்ன பேர் ஒட்டியிருக்குன்னு படிச்சுட்டேன் சிஸ்டர். என் தங்கச்சியைக் கொன்னது இதே ஊசிதான்.

— நீங்க இந்தக் குழந்தைக்குப் பெரியம்மாவா?

— பெரியம்மா, அம்மா எல்லாம் நான்தான். பெத்தவ போய் எட்டு மாசம் ஆச்சு. ஜன்னலோரம் தூண் மாதிரி நிக்கறாரே, அவர்தான் அப்பா. அவர்கிட்ட எதுவும் கேக்காதீங்க. பதில் வராது.

— சார், இப்படிக் கட்டில் பக்கம் வாங்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும். குழந்தைக்கு என்ன வயசு?

— நாலு.

— பார்த்தீங்களா, வருது. காலையிலேருந்து எத்தனை தடவ வாந்தி?

— அஞ்சு.

— ஆறு. நீங்க மாத்திரை வாங்கப் போனப்ப ஒரு தடவ எடுத்தா தம்பி. என் புடவை மேலதான். சிஸ்டர், எங்க சில்லு ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டா. எங்க ஜெராக்ஸ் கடையில மிஷின் மேல ஏறிப் படுத்து தன் மூஞ்சியையே காப்பி எடுத்துப்பா. இப்ப பாருங்க, பிழிஞ்சு போட்ட துணியாட்டம் கிடக்கறா.

— அதனாலதான் அவசரப்படறேன். கழுத்தைத் தூக்கினா அலறுறா. வெளிச்சம் பட்டா கண்ணை மூடிக்கறா. மூளையைச் சுத்தியிருக்கற சவ்வுல கிருமின்னு டாக்டர் சொன்னாரில்ல? முதுகுலேருந்து தண்ணி எடுத்து அனுப்பியாச்சு. ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் உள்ள போகணும். இருபது நிமிஷம் போயாச்சு, சரியா?

— சரியில்ல. வேற மருந்து போடுங்க.

— இதுக்கு ஈடான மருந்து பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. ரெண்டு மணி நேர வழி.

— ஆம்புலன்ஸ் உடனே கிடைக்குமா சிஸ்டர்?

— அப்பாடா, சார் நாலு வார்த்தை சேர்த்துப் பேசிட்டார். கிடைக்கும் சார். ஆனா ரெண்டு மணி நேரம் இவ தாங்கணுமே.

— தாங்குவாளா?

— தாங்கலாம். தாங்காமலும் போகலாம். இதே கட்டில்ல உயிர் பிழைச்சு, ரெண்டு காதும் போய் வீட்டுக்குப் போன பையனை எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டா திரும்ப மாட்டான், முதுகுல தட்டணும். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை இருக்கு, சரியா?

— பயமுறுத்தாதீங்க. நானும் பயப்படற ஆள் இல்ல. கேஸ் ஷீட்ல சிவப்பு மையில எழுத வெச்சேனே, 'தாய் இந்த ஊசியால் இறந்தார்'னு, அது இருக்கில்ல?

— இருக்கு. அதனாலதான் இவ்வளவு நேரம் உங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கறேன். இல்லைன்னா இந்நேரம் பாதி மருந்து உள்ள போயிருக்கும். பாருங்கம்மா, அம்மாவுக்கு ஒத்துக்காத மருந்து பிள்ளைக்கும் ஒத்துக்காதுன்னு சட்டம் கிடையாது. ஆனா உயிரே போச்சுன்னு நீங்க எழுத வெச்ச பிறகு, வீட்டாளுங்க வேண்டாம்னு கையைப் பிடிக்கும்போது, நானா போட முடியாது. டாக்டர் பக்கத்து பில்டிங்ல ஆபரேஷன்ல நிக்கறார். போன்ல சொன்னார்: நடந்ததை ஒழுங்கா விசாரி, நிஜமா ஊசிதான் கொன்னிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்து, இல்லைன்னா அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு உடனே போடுன்னு.

— கையெழுத்தா? தம்பி போட மாட்டார். ஊசிதான் கொன்னுச்சுன்னு எனக்குச் சொன்னதே அவர்தான்.

— நீங்களா சார் சொன்னீங்க?

— தலையை ஆட்டறார் பாருங்க. போதுமா?

— போதாது. தலையாட்டறதை நான் எழுத முடியாது. என்ன நடந்தது, முதல்லேருந்து.

— என்கிட்ட எல்லாத்துக்கும் காப்பி இருக்கு சிஸ்டர். நகல் கடைக்காரி, ரெண்டு காப்பி எடுக்காம எதையும் விட மாட்டேன். இந்தாங்க ஃபைல். இது டிஸ்சார்ஜ் சீட்டு. இது மருந்துச் சீட்டு. படிங்க.

— கிட்னியில கிருமி, ரத்தத்துலயும் கலந்திருக்கு... இதே மருந்துதான்... தினம் ஒரு ஊசி, மொத்தம் பத்து நாள். மூணு நாள் ஆஸ்பத்திரியில, மீதி ஏழு பக்கத்து கிளினிக்ல போட்டுக்கணும். குப்பிகளைக் கையில கொடுத்து அனுப்பியிருக்காங்க. சரி, இது வழக்கம்தான். ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்கறதால வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— கொடுத்து அனுப்பினதை எப்படி வெச்சிருந்தாங்களோ, கெட்டுப் போச்சோ என்னவோ. நீங்களும்தான் குப்பியை மேஜை மேல வெயில்ல போட்டு வெச்சிருக்கீங்க. ஃப்ரிட்ஜ் இல்லையா இங்க?

— வெயில் அந்தப் பக்கம்மா. பொடி மருந்துக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு? கலக்கின பிறகுதான் நேரம் பார்க்கணும்.

— ஃப்ரிட்ஜ் வேண்டாமா?

— வேண்டாம் சார். ஏன்?

— ஒண்ணுமில்ல.

— ஃப்ரிட்ஜ்னா மட்டும் இவருக்கு வாய் திறக்கும். வீட்டுல ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா, ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கார். அவ வெச்சதாம். யாரும் தொடக் கூடாது. ஒரு நாள் சில்லு ஐஸ்கிரீம்னு நெனச்சு எடுத்துட்டா. போட்டாரே ஒரு சத்தம்! எட்டு மாசத்துல இவர் குரலை அன்னிக்குத்தான் கேட்டேன்.

— அதை விடுங்கக்கா.

— விட்டாச்சு. கேளுங்க சிஸ்டர், ஏழு நாளும் ஒழுங்கா போட்டுக்கிட்டா. எட்டாம் நாள் காலையில எழுந்திரிக்கல. ஆட்டோல தூக்கிட்டு ஓடினோம். அவசரப் பிரிவுல ஒரு பொண்ணு வந்தா, வெள்ளை உடுப்பு, இன்னும் பள்ளிக்கூட முகம். அவ கையால மறுபடியும் இதே ஊசி. அரை மணி நேரத்துல என் தங்கச்சி போயிட்டா. நான் பார்த்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

— ஊசி போடறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?

— கை கால் ஐஸ் மாதிரி. நாக்கு குழறுது. என்னைப் பார்த்து யாருன்னு கேட்டா.

— முன்னாடியேவா?

— முன்னாடியேதான்.

— பிரஷர் எவ்வளவுன்னு காதுல விழுந்துதா?

— மிஷின்ல வரவே இல்லன்னாங்க. ரெண்டு மிஷின் மாத்தினாங்க.

— ஊசிக்கு அப்புறம் உடம்புல தடிப்பு வந்துதா? உதடு வீங்கிச்சா? தொண்டை அடைச்சு விசில் மாதிரி மூச்சு?

— அதெல்லாம் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா அடங்கிட்டா. அவ்வளவுதான். எதுக்கு இதையெல்லாம் தோண்டறீங்க? அந்தப் பொண்ணு மேல மனு மேல மனு போட்டேன். வேலையை விட்டுத் தூக்கற வரைக்கும் விடல. உங்களையும் விட மாட்டேன்.

— தாராளமா போடுங்க. இருபத்திரண்டு வருஷமா குத்தறேன், ஒருத்தராவது ஞாபகம் வெச்சுக்கட்டும். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. ஊசி ஒத்துக்கலைன்னா போட்ட பிறகுதான் காட்டும், அதுவும் சில நிமிஷத்துல. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல். இவங்க போடறதுக்கு முன்னாடியே ஜில்லுன்னு ஆயிட்டாங்க. அது கிருமி ரத்தத்துல ஏறின உடம்பு மாதிரி இருக்கு.

— கிருமி எங்கிருந்து வரும்? பத்து நாள் மருந்து போட்ட உடம்பு சிஸ்டர்!

— அதான் எனக்கும் இடிக்குது. பத்தும் உள்ள போயிருந்தா கிருமி இவ்வளவு சீக்கிரம் இப்படித் தலைதூக்காது. அப்ப ஊசி மேல சந்தேகம் நிக்கும், நான் குழந்தையை ஆம்புலன்ஸ்ல ஏத்தறேன். நடுவுல விட்டிருந்தா கதையே வேற, கிருமிதான் கொன்னிருக்கு. அதனால ஒரே கேள்வி. சார், பத்தும் போட்டாங்களா?

— போட்டாங்க. நான் சாட்சி. தினம் அஞ்சு மணிக்கு சில்லுவை என் கடையில விட்டுட்டு ரெண்டு பேரும் கிளினிக்குக் கிளம்புவாங்க. ஏழு மணிக்கு வருவாங்க.

— ஒரு ஊசிக்கு ரெண்டு மணி நேரமா?

— கூட்டம்னு சொன்னா. வரும்போது முகமெல்லாம் சிரிப்பா வருவா. வலிக்கலையாடின்னா, பழகிடுச்சுக்கான்னு கையைத் தேய்ச்சுக் காட்டுவா. தலையில பூ... இல்ல, புல்லு ஒட்டியிருக்கும். ஒரு நாள் நான்தான் எடுத்து விட்டேன்.

— நான் சார்கிட்ட கேட்டேன்.

— அவர் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?

— நீங்க கடையில இருந்தீங்கம்மா. கூடப் போனது அவர். சார், இங்க பாருங்க. குழந்தைக்குக் கண்ணு சொருகுது. முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. பத்துல எத்தனை?

— மூணு.

— என்ன மூணு, தம்பி?

— ஆஸ்பத்திரியில போட்ட மூணு. அதோட சரி.

— என்ன சொல்றீங்க?

— கிளினிக்குப் போகல. பஸ் டிப்போ பின்னாடி ஒரு பார்க். அங்க உக்காந்திருந்தோம்.

— எதுக்கு?

— காய்ச்சல் விட்டுடுச்சு. கை ரெண்டும் ஊசி குத்தி வீங்கியிருந்துச்சு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம்னா. சரின்னேன். மறுநாளும் கேட்டா. சரின்னேன்.

— ஏழு நாளுமா?

— சில்லு பிறந்தப்புறம் நாங்க தனியா உக்காந்ததே இல்லக்கா. நீங்க ஊசிக்குன்னாதான் அவளை வெச்சுப்பீங்க. பார்க்குக்குன்னா கேட்டிருப்போமா?

— கேட்டிருந்தா வெச்சிருப்பேனே... ஐயோ, கேட்டிருந்தா வெச்சிருப்பேனே!

— அஞ்சாம் நாள் உடம்பு சுட்டுச்சு. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அடங்குச்சு. எட்டாம் நாள் அடங்கல.

— அவசரப் பிரிவுல டாக்டர் கேட்டிருப்பாரே சார், கோர்ஸ் முடிச்சீங்களான்னு?

— கேட்டார். அக்கா பக்கத்துல நின்னாங்க. முடிச்சோம்னேன்.

— அப்ப அந்தப் பொண்ணு? நான் அவ வீட்டு வாசல் வரைக்கும் போய்... அவ அம்மா முன்னாடி... தம்பி, நீங்க என் பின்னாடியே நின்னீங்களே!

— நின்னேன்.

— அழுகையும் சண்டையும் அப்புறம். சார், இந்தக் கோட்டுக்கு மேல கையெழுத்து. கோழிக் கிறுக்கலா இருந்தாலும் போதும். ஹலோ, டாக்டர்? விசாரிச்சுட்டேன். ஊசி இல்ல டாக்டர். கோர்ஸை மூணோட விட்டிருக்காங்க. தடிப்பு, வீக்கம் எதுவும் இல்ல, முன்ன போட்ட மூணுக்கும் ஒண்ணும் ஆகல. குழந்தைக்கும் இதுவரைக்கும் எந்த மருந்தும் ஒத்துக்காம போனதில்ல. பதினாலு கிலோ, ஆயிரத்து நானூறு மில்லிகிராம். அரை மணி நேரம் சொட்டு சொட்டா. சரி டாக்டர். பக்கத்துலயே நிக்கறேன்.

— சிஸ்டர், ஓடிக்கிட்டு இருந்த பாட்டிலை ஏன் நிறுத்தறீங்க?

— அதுல கால்சியம் இருக்கு சார். இந்த மருந்தோட கலந்தா கட்டி தட்டும். குழாயைக் கழுவிட்டுத்தான் இதை விடணும். அம்மா, குழந்தை கையை விடுங்க. மருந்து ஏத்தற லைன் அந்தக் கையிலதான் இருக்கு.

— விட மாட்டேன். பொய். இவர் பொய் சொல்றார் சிஸ்டர். பிள்ளைக்கு ஊசி போடணும்னு, செத்துப் போனவ தலையில பழியைத் தூக்கிப் போடறார். என் தங்கச்சி என்கிட்ட பொய் சொல்ல மாட்டா. தினம் கையைத் தேய்ச்சுக் காட்டினா. ஒரு சீட்டு இருக்கா, ஒரு காப்பி இருக்கா உங்ககிட்ட? காட்டுங்க, நான் விடறேன்.

— இருக்கு.

— எங்க?

— அந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து பாருங்கக்கா. ஏழு குப்பியும் அப்படியே இருக்கு. மூடிக்கு உள்பக்கம் அவளே எழுதி வெச்சிருக்கா, 'நாளைக்குக் கண்டிப்பா'ன்னு.