ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து தடவை

பிரேசர் டவுனில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள் இரண்டு பெண்கள். ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். பஸ்ஸில் காதை எங்கே கழற்றி வைப்பது?

"என் வீட்டுக்காரரு கேம்ல ஏமாத்துறாரு, ரோஸி."

"என்ன கேம்க்கா?"

"போன்ல தினமும் காலைல ஒரு புது இங்கிலீஷ் வார்த்தை. ஆறு தடவைக்குள்ள கண்டுபிடிக்கணும். இவரு முதல் தடவையே அடிச்சுடறாரு. நாலு மாசமா."

"மூளைக்காரருக்கா அவரு."

"லீவ் லெட்டருக்கே என்கிட்ட ஸ்பெல்லிங் கேக்கற ஆளு. யாரோ முன்னாடியே விளையாடிப் பார்த்துட்டு பதிலை அனுப்பறாங்க."

"ஆபீஸ்ல யாராவது இருக்கும்."

"இருக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் அவருக்கு அஞ்சு தடவை ஆகுது. அன்னைக்குக் காலைல அந்த ஆளோட போன் ஆஃப்ல இருக்கும் போல."

ரோஸி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னச் சிலுவையை விரல் உருட்டிக்கொண்டிருந்தது.

"நீ சர்ச்சுக்கு எத்தனை மணிக்குப் போவே?"

"ஏழுக்கு. ஏன்க்கா?"

"இந்த ஞாயிறு போகாதே. எங்க வீட்டுக்கு டிபனுக்கு வா. போனையும் எடுத்துட்டு வா, மூணு பேரும் சேர்ந்தே விளையாடலாம்."