நைட்டுக்கு நைட்

சிங்காரவேலுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அந்தப் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்ததில், ரோட்டில் விழுந்த ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தனித்தனியாக வலித்தது. மணி மூன்று இருக்கும். மந்தாரக்குப்பம் தாண்டி விருத்தாசலம் போகிற ரோடு. ஒரு லாரி இல்லை. ஒரு நாய்கூட இல்லை... தொண்ணூற்றேழாம் வருஷத்து மார்கழி. பனி என்றால் அப்படி ஒரு பனி. ஹெட்லைட் வெளிச்சம் நாலு முழத்துக்கு மேல் போகாமல் திரும்பி வந்து அவன் முகத்திலேயே அடித்தது.

சிங்காரவேல் வேறு யாருமில்லை, நம் வளவனுக்குத் தாய்மாமன். அப்போது முப்பத்தைந்து வயசு, அதனால் அவன் இவன் என்றே சொல்லலாம், வளவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், பொய் என்றால் இவனே சொல்லட்டும். கேட்க இஷ்டமில்லாதவர்கள் எழுந்துபோய் பெல்ட்டுக்கு அடியில் கரி வாரலாம். மற்றவர்கள் தீக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள். ஷிஃப்ட் முடிய நேரம் கிடக்கிறது.

உண்மையில் அந்த நேரத்தில் சிங்காரவேல் அந்த ரோட்டில் இருக்க வேண்டியவனே இல்லை. கரி யார்டுக்குள் இருக்க வேண்டியவன். அன்றைக்கு அவனுக்கு நைட் ஷிஃப்ட். உள்ளே போயிருந்தது பிராங்க்ளின்.

பிராங்க்ளினும் அவனும் ஒரே கான்ட்ராக்டரிடம் பதினோரு வருஷம் ஒரே பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டி பிடித்தவர்கள். மேலே பெல்ட்டில் பழுப்பு நிலக்கரி ஓடும், கீழே சிந்தும். சிந்தினதை வாரி மறுபடி மேலே போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிராங்க்ளினுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. இருமினால் கொர்ர்... கொர்ர் என்று தகரத்தில் மண் சறுக்குகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகுதான் மூச்சு. இருமுகிறவனை வைத்துக்கொண்டு வேலை ஓடாது என்று மேஸ்திரி அவனை நிறுத்தியும் விட்டார். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: இந்தப் பனியும் இந்தத் தூசியும் இன்னொரு மார்கழிக்கு இவரை விட்டுவைக்காது, உலர்ந்த சூடான ஊராகப் பார்த்து அனுப்புங்கள்.

தூத்துக்குடியில் பிராங்க்ளினுக்கு ஒரு தங்கச்சி, ரெஜினா. உப்பளத்தில் வேலை. மார்கழியிலும் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் என்பாள். பஸ்ஸில் ஏறினால் பிராங்க்ளினுக்கு மூச்சு முட்டும், கூட்டம் ஆகாது. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று சிங்காரவேல் முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை நைட் போட்டுவிட்டால் சனி, ஞாயிறு ஆஃப். திங்கள் காலையில் திரும்பிவிடலாம்.

வண்டி அவனுடைய மச்சான் மருதாசலத்தினுடையது. கரும்பு வெட்டு முடிந்து வெள்ளி ராத்திரிதான் மனுஷன் வீட்டுக்கு வருவான். நேரில் போனால்தான் சாவி தருவான். வண்டி எடுக்கப் போனால் நைட் போகும். அந்த மாதம் ஏற்கெனவே சிங்காரவேல் மட்டம் போட்டிருந்தான். இன்னொரு மட்டம் என்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"நான் போறன்டா உனக்கு. டோக்கன குடு," என்றான் பிராங்க்ளின்.

"நீயா? நீ கேட்டத் தாண்டறதுக்குள்ள நாலு தடவ குந்துவ."

"குந்தி குந்தி போறன். உள்ள போயி ஒரு ஓரமா படுத்துக்கறன். எண்ணிக்கைக்கு ஒரு தல வேணும், அவ்ளோதான். நீ எனக்காவ அம்மாந்தூரம் வண்டி ஓட்டப் போற, நான் ஒரு நைட்டு போடக் கூடாதா?"

"வேணான்டா பிராங்க்ளி..."

"சும்மா இல்ல மாப்ள. நைட்டுக்கு நைட்டு. திருப்பிக் குடுத்துடணும், ஆமா."

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்த நாளில் டோக்கனில் போட்டோ கிடையாது, பெயரும் நம்பரும் மட்டும். ஒருவன் டோக்கனில் இன்னொருவன் உள்ளே போவான். இதற்குக் காசு வாங்குகிற வழக்கமில்லை, வாங்கினால் கேவலம். எவன் உனக்காகப் போனானோ, அவன் கேட்கிற நாளில் அவனுக்காக நீ போக வேண்டும். காய்ச்சல் என்றாலும் போக வேண்டும், வீட்டில் எழவு என்றாலும் போக வேண்டும். நைட்டை நைட்டால்தான் கழிக்க முடியும்.

சிங்காரவேல் டோக்கனைக் கொடுத்தான். மனைவி பொற்கொடியிடம் சொல்லவில்லை. சொன்னால், சாகக் கிடப்பவனை வேலைக்கு அனுப்புகிறாயா என்று கிழித்திருப்பாள். நைட் ஷிஃப்டுக்குப் போகிறேன், காலையில் அப்படியே பிராங்க்ளினைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

ரோட்டோரத்தில் மூடிக்கிடந்த லாரி எடைமேடைதான் சந்திக்கிற இடம். ஷிஃப்ட் விட்டு ஆறு மணிக்குப் பிராங்க்ளின் வருவான், அதுவரை மேடையில் படுத்து இடுப்பை நிமிர்த்தலாம் என்று சிங்காரவேல் வண்டியை ஓரங்கட்டினான். இன்ஜினை நிறுத்தினான்.

எடைமேடைச் சுவர் ஓரமாகப் பிராங்க்ளின் நின்றிருந்தான்.

தலையில் துண்டு. தோளில் துணிப்பை. உடம்பெல்லாம் ஈரக்கரி.

"இன்னாடா அதுக்குள்ள? மேஸ்திரி வுட்டுட்டானா?"

"வுட்டுட்டாங்க... போலாம்."

குளிரில் நிற்கிறவனிடம் என்ன விசாரணை. சிங்காரவேல் வண்டியை உதைத்தான். பின்னால் டக்... டக்... என்று இரண்டு ஃபுட்ரெஸ்டையும் குதிகாலால் தள்ளி இறக்குகிற சத்தம். ஸ்பிரிங் ஒரு ஆளின் கனத்துக்கு அமுங்கியது. ஈரக்கரி வாசனை வந்தது, மழையில் நனைந்து மக்கின மரத்தைப் பிளந்தால் வருமே, அந்தப் புளிச்ச வாசனை. முதுகில் பிராங்க்ளின் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான்.

சில்லென்று இருந்தது.

விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி... ஊர்களெல்லாம் பனிக்குள் பெயர்ப் பலகையாக மட்டும் வந்து போயின. திட்டக்குடி தாண்டும்போதுதான் சிங்காரவேலுக்கு ஒன்று உறைத்தது. பிராங்க்ளின் இருமவே இல்லை. கிளம்பினதிலிருந்து ஒரு தடவைகூட இல்லை.

சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. பனிக்காற்றில் வாயைத் திறந்து கத்தினான்: "பாத்தியாடா! ஊரத் தாண்டனதுமே நெஞ்சு தொறந்துக்கிச்சி பாத்தியா!"

பின்னாலிருந்து மெதுவாக வந்தது பதில். "குளுருதுடா சிங்காரம்."

தொழுதூரில் டீக்கடை. விடிகிற நேரம். சிங்காரவேல் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிராங்க்ளின் இறங்கவில்லை. டீ மாஸ்டரே ஒரு கிளாஸைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தார். ஆமாம், அவர் கண்ணுக்கும் அவன் தெரிந்தான். எல்லார் கண்ணுக்கும் தெரிந்தான். அவன் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான். ஆவி பறந்துகொண்டிருந்த டீ... அவன் கை பட்டதும் ஆவி நின்றது. குடிக்கவில்லை. திருப்பி வாங்கின மாஸ்டர் கிளாஸைச் சட்டென்று மேடையில் வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"ஒடம்பு முடியாதவரா?"

"நெஞ்சு சளிங்க. சூட்டு ஊருக்குக் கூட்டிகினு போறன். செரியாயிடும்."

மாஸ்டர் அந்த டீக்குக் காசு வாங்கவில்லை.

திருச்சி தாண்டி வெயில் ஏறியது. மேலூரில் சிங்காரவேல் ஸ்வெட்டரைக் கழற்றினான். அருப்புக்கோட்டைக்கு அப்புறம் பொட்டல், கருவேலங்காடு, கானல். நெஞ்சுப் பக்கம் சட்டை வேர்வையில் ஒட்டியது. முதுகுப் பக்கம் மட்டும்... பானைத் தண்ணீரில் நனைத்த துணியைப் போர்த்தின மாதிரி இருந்தது. காற்றுக்கு அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஒருவன் ஒன்றை நம்ப வேண்டுமென்று முடிவு செய்துவிட்டால் எதைத்தான் நினைக்க மாட்டான்? எட்டையபுரத்தில் வண்டியை நிறுத்திப் இளநீர் வாங்கி நீட்டினான். பிராங்க்ளின் தலையை மட்டும் ஆட்டினான். வெயிலில் உட்கார்ந்திருந்தான், அவன்மேல் பட்ட கரி மட்டும் காயவே இல்லை. ஈரமாகவே மின்னியது.

தூத்துக்குடிக்குள் போகாமல் உப்பளத்துப் பாதையில் திரும்பினார்கள். உச்சி தாண்டின வெயில். தரை பூரா வெள்ளை, கண்ணைத் திறக்க முடியவில்லை. குவித்து வைத்த உப்பின்மேல் சூடு நெளிந்துகொண்டிருந்தது. இவ்வளவு வெயிலை சிங்காரவேல் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

"வந்துட்டோம்டா," என்றான். "இனிமே உனக்கு ஒன்னும் இல்ல."

காதுக்குப் பக்கத்தில், மூச்சுக் காற்றே இல்லாமல், குரல் மட்டும் வந்தது.

"இங்கயும் குளுருதுடா... திரும்பிப் போனதும் என் நைட்ட குடுத்துடு."

எதிரே பாத்தி வரப்பில் ரெஜினா வந்துகொண்டிருந்தாள். தலையில் துண்டு சுற்றி, கணுக்கால்வரை உப்புப் படிந்து. வண்டியைப் பார்த்தாள். சிங்காரவேலைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கூடை நழுவியது.

"கிட்ட வராத! ஐயோ மாதாவே, கிட்ட வராதண்ணே!"

"நான்தாம்மா, சிங்காரவேலு..."

"நீ செத்துட்டன்னு போன் வந்துச்சே! காலையில கடைக்குப் போன் வந்துச்சே! நைட்டு பெல்ட்டடியில நீ போய்ட்டன்னு, எங்கண்ணன் வந்தா சொல்லிடச் சொல்லி, உன் பொண்டாட்டிதான் ஆளுவிட்டு பேசச் சொல்லியிருக்கா!"

சிங்காரவேல் சிரிக்கப் பார்த்தான். "நான் ஏன் சாவறன்? உங்கண்ணனத்தான் கூட்டிகினு வந்துருக்கன். இதோ பாரு..."

திரும்பினான்.

சீட்டில் யாருமில்லை. அமுங்கியிருந்த ஸ்பிரிங் அவன் பார்க்கப் பார்க்க மெதுவாக மேலே எழும்பியது. ஃபுட்ரெஸ்ட் இரண்டும் இறங்கியபடி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஈரக்கரி.

அப்போதுதான் புரிந்தது. ராத்திரி உள்ளே போன பிராங்க்ளின் சட்டைப் பையில் இருந்தது சிங்காரவேலின் டோக்கன் அல்லவா.

ரெஜினா பக்கத்தில் வரவில்லை. அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தான். வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முகம். ஒரு பக்கத்துக் கன்னம், காது, மூடின கண். அச்சு எடுத்த மாதிரி.

பிராங்க்ளினைக் காலை ஆறு மணிக்குத்தான் கண்டெடுத்தார்களாம். குவித்துப்போட்ட கரி தானாகக் கனன்று சூடாக இருக்குமே, அந்தக் குவியலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபடியே இருந்தானாம். முகமெல்லாம் கரி, ஆள் அடையாளம் தெரியவில்லை; டோக்கனைப் பார்த்துவிட்டுப் பொற்கொடிக்கு ஆள் விட்டார்கள். தூத்துக்குடிக்குப் போன் போட ஆள் விட்டுவிட்டு, அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, துணியை விலக்கிப் பார்த்தபோது... பிராங்க்ளின். அழுவதா மூச்சு விடுவதா என்று தெரியாமல் அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

உயிர் போனது இரண்டு மணி வாக்கில் இருக்கும் என்றார் டாக்டர்.

டோக்கன் மாற்றினவன் என்று சிங்காரவேலின் பெயரை அடித்துவிட்டார்கள். வேறு எந்தக் கான்ட்ராக்டரும் சேர்க்கவில்லை. ராஜ்தூத்தை மருதாசலம் திரும்ப வாங்கவில்லை. சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டான். அடுத்த மார்கழியில் ஆரம்பித்தது. ராத்திரி மடக்கிவிட்ட ஃபுட்ரெஸ்ட் காலையில் இறங்கியிருக்கும். ஈரமாக.

சிங்காரவேல் யார்டு கேட்டுக்குப் போய் நின்றான். "சம்பளம் வேணாம் சார். ஒரே ஒரு நைட்டு உள்ள வுடுங்க, வாரிட்டு வந்துடறன்." செக்யூரிட்டி வெள்ளைச்சாமி நல்ல மனுஷர்தான், ஆனாலும் பெயரில்லாதவனை எப்படி விடுவார்? ஏழெட்டு மார்கழி இதே பேச்சு. இப்போதும் மார்கழி வந்தால் நைட் நேரத்துக்கு பூட்ஸ் போட்டு, சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். போக இடம் கிடையாது.

"ஏம்பா வளவா," என்று இருட்டிலிருந்து தனகோடியின் குரல் கேட்டது. "உனக்கு இந்த வாரம் டே ஷிஃப்டாச்சே. இங்க இன்னா பண்ற?"

வளவன் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாமாவுக்குப் பதிலா போடறன். மூணு மார்கழியா போட்டுகினு இருக்கன்."

"அப்பறம்?"

"காலையில போயி பாத்தா, ஃபுட்ரெஸ்ட்டு எறங்கிதான் கெடக்குது."

பெல்ட் ஓடுகிற சத்தம் மட்டும். அதற்கு அடியில் எங்கேயோ... கொர்ர். தகரத்தில் மண் சறுக்கியிருக்கும்.

பிராங்க்ளினுக்கு ஒரு நைட் ஷிஃப்ட் தர வேண்டும். சிங்காரவேல்தான் தர வேண்டும். இன்னும் தரவில்லை.