உலைக்கு ஒரே ஆப்ஜெக்ட்

உங்கள் காவல் நிலைய மின்விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது, ஐயா. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் சத்தம் போடாமல் இருக்கும், மாற்றுவதுதான் வழி.

உலை விஷயத்துக்கு வருகிறேன். என் மைத்துனனுக்கே விளங்காத சங்கதி என்பதால் மெதுவாகவே சொல்கிறேன்.

பைத்தான் என்ற கணினி மொழியில் கிளாஸ் என்பது ஓர் அச்சு. கேட்கும்போதெல்லாம் புதிதாக ஓர் ஆப்ஜெக்டை வார்த்துத் தரும். எங்கள் தொழிற்சாலையில் இரும்புச் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடித்துச் சுடும் உலை ஒன்றுதான். ஆள் நுழையும் அளவு பெரியது. ஆகவே அதை இயக்கும் ஆப்ஜெக்டும் ஒன்றே இருக்க வேண்டும். எந்தத் திரையிலிருந்து கேட்டாலும் அதே பழைய ஆப்ஜெக்ட் வர வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது அதன் நினைவில்தான் இருக்கிறது. இருக்கிறார் என்றால் கதவு பூட்டாது, பர்னர் எரியாது.

அதை எழுதியவன் என் மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டவன் நான். ஒரே வருடத்தில் எனக்கே மேலதிகாரி ஆனான்.

ஆப்ஜெக்ட் பிறப்பது ஒரு படி. அதற்கு ஆரம்ப மதிப்புகளைப் போடுவது அடுத்த படி. முதல் படியில் பழையதையே திருப்பித் தரும்படி எழுதிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அடுத்த படி ஒவ்வொரு முறையும் மறுபடி ஓடும் என்பது அந்த மேதைக்குத் தெரியவில்லை. யாராவது புதுத் திரை திறந்தால் அதே ஆப்ஜெக்ட்தான் வரும். ஆனால் நினைவு துடைக்கப்பட்டு, உள்ளே யாருமில்லை என்று நம்பிக்கொண்டு வரும்.

சரிபார்ப்பது என் வேலை. பார்த்தவுடனே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், எல்லார் முன்னாலும் சொன்னான்: "அத்தான், நீங்க எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. மூளை வேலையை நான் முடிச்சாச்சு."

சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தேன்.

சோதனை நாளன்று, வெப்பமானியைச் சரியாகப் பொருத்த அவனே உலைக்குள் போனான்.

"ஆள் உள்ளேன்னு போட்டாச்சா அத்தான்?"

"போட்டாச்சு மாப்ள. திரையிலயே தெரியுது பாரு."

பொய்யில்லை. தெரிந்தது.

பிறகு பக்கத்து மேசைக்குப் போய் இன்னொரு திரையைத் திறந்தேன். ஆள் வெளியே வரக் காத்திருந்த சோதனை தானே தொடங்கியது, கதவு பூட்டிக்கொண்டது. பர்னர் எரிய ஆரம்பித்தது. உள்ளிருந்து தட்டினான். வெளியே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, என் கைக்கு எட்டும் தூரம்தான். அழுத்தினால் சோதனை பாதியில் நின்றுவிடும்.

மனைவிக்கும் இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன். உட்கார்ந்து கேட்கப் பொறுமையில்லை. அந்தக் குடும்பத்துக்கே கிடையாது.

பிழையை அன்றே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் திருத்தியிருப்பான், ஐயா. கற்றுக்கொண்டிருக்க மாட்டான்.